வாளியில் வந்த அசனம்

(மதுரையில் ஆய்வு மாணவர்கள் மாதந்தோறும் கூடும் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழகத் திருச்சபைகளில் சாதி எப்படி நுழைந்தது, எப்படி நிலைத்தது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கடவுள் மறுப்பாளர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். "இவ்வளவு படித்த பிறகும் ஏன் அங்கே போகிறீர்கள்?" என்று சென்ற கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தோழர் கேட்டார். அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இன்றைக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். அந்தப் பதில் சோற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் நெல்லைப் பக்கத்துக் கிராமத்துக்காரன். அந்தப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. ஆண்டுப் பண்டிகையின் முடிவில் சபையார் எல்லாரும் அரிசியும் பணமும் கொடுத்துப் பொதுவாகச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து உண்பது. எங்கள் ஊரில் கோயில் ஒன்று, தெரு இரண்டு. ஆதிக்க சாதித் தெருவும் எங்கள் பறையர் தெருவும். அசனத்துக்கு எங்கள் தெருவும் அரிசி கொடுத்தது. விறகு பிளந்தது எங்கள் தெரு. அண்டா கழுவியது எங்கள் தெரு. சமைத்தது அவர்கள். பந்தி நடக்கும்போது எங்கள் ஆச்சி பந்தலுக்குப் போகமாட்டார். சாயங்காலம் ஒரு வாளியில் சோறும் இன்னொரு வாளியில் ஆட்டுக்கறிக் குழம்பும் எங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

சின்ன வயதில் எனக்கு அதில் பெருமை. "நமக்கு மட்டும் வீட்டுக்கே கொடுத்து விடுறாங்க ஆச்சி" என்று சொல்லியிருக்கிறேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் குழம்பை ஊற்றுவார். நாங்கள் பந்தியில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வாளி வந்தது என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. புரிந்த அன்று ஆச்சி உயிரோடு இல்லை.

இதை எங்கள் ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழகத்தில் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கம் அது. அந்த மிஷன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்காரும் வழக்கம் வேரூன்றியது. நூறாண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் தொடவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடச் சம்மதித்தவர்கள் சாதியை விடச் சம்மதிக்கவில்லை.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, சாதி பாராமல் பிறரோடு உட்கார்ந்து உண்டு காட்ட வேண்டும் என்றது. உணவையே பரீட்சையாக வைத்தார்கள். இதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. லீப்சிக் மிஷன் இதில் சேராமல், சாதி விஷயத்தில் விட்டுப்பிடிக்கும் போக்கைக் கடைப்பிடித்தது. அதிருப்தி கொண்ட சாதிக் கிறித்தவர்கள் பலருக்கு அது புகலிடமானது.

கத்தோலிக்கத் தரப்பிலும் இதே கதைதான். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என இரண்டு கால் வைத்த கால்சட்டை போன்ற கட்டடம். பூசை ஒன்று, பீடம் ஒன்று, நடுவே தடுப்பு. 1910இல் பாதிரியார்கள் அந்தத் தடுப்பை அகற்றியபோது, எங்கள் தனி இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தடுப்பு திரும்ப வரவில்லை. ஆனால் கோயிலுக்குள் போன தடுப்பு கல்லறையில் இருக்கிறது, தேர் போகும் தெருவில் இருக்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டபோது கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. இரண்டு உயிர்கள் போயின. அது நம் காலத்துக் கதை.

இதற்கிடையே அரசு என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிற்கிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்கும் இந்த உரிமையை நீட்டிக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி இன்னும் அசையவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். போகவில்லை என்கிறது வாளி. நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறோம்.

சரி, இவ்வளவும் தெரிந்தும் ஏன் போகிறேன்?

மதுரைக்கு ஆய்வுக்கு வந்த புதிதில் பெரிய கோயில்கள் சிலவற்றுக்குப் போனேன். எல்லா வாசலிலும் வரவேற்பு என்று எழுதியிருந்தது. கைகுலுக்கினார்கள். மூன்றாவது வாரம் "தம்பி எந்த ஊர்? அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் என்று ஏன் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பிறகு ஒரு நண்பர் புறநகரில் வாடகைக் கூடத்தில் கூடும் ஒரு சிறிய சபைக்கு அழைத்துப் போனார். நாற்பது குடும்பங்கள் இருக்கும். அங்கே வரவேற்புப் பலகை கிடையாது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெரியவர் என் கையில் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்தார். அன்று மாதத்தின் முதல் ஞாயிறு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் ஞாயிறு திருவிருந்து. அன்றைக்கு ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசி கொண்டுவரும். வெள்ளை அரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழும். சமைப்பது யார் என்று முந்தின மாதமே சீட்டுக் குலுக்கி இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்பமும் ரசமும் பகிர்ந்த கையோடு அதே கூடத்தில் பாய் விரித்துச் சாப்பாடு. பல ரக அரிசி கலந்த சோறு ஒரு பக்கம் குழைந்திருக்கும், ஒரு பக்கம் விதை விதையாக இருக்கும். ருசியைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. பறட்டை என்றால் பலருக்குத் தெரியும். 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைகள் கோலோச்சிய கோயிலுக்குள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்தவர். கடவுளைப் பிதாவே என்று அழைப்பதற்குப் பதில் பெத்தவரே என்று அழைத்தவர். தாயும் அதில் இருக்கிறாள், எங்கள் ஆச்சியின் பேச்சும் அதில் இருக்கிறது. அவருடைய இறையியலின் நடுவே இருந்தது ஒரே உலை என்ற கருத்து. எல்லாருக்கும் ஒரே உலையில் கொதிக்கும் சோறுதான் திருவிருந்தின் பொருள் என்றார்.

இதை அவர் வானத்திலிருந்து பிடிக்கவில்லை. பைபிளிலேயே இருக்கிறது. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னதாகவே தின்று தீர்க்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் செய்வது கர்த்தருடைய பந்தியே அல்ல என்ற பொருளில் பவுல் கடிந்து எழுதினார். அந்தியோகியாவில் யூதரல்லாதவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, தன் ஆட்கள் சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். தலைமை அப்போஸ்தலர் பந்தியை விட்டு எழுந்த கதையைத் திருச்சபை மறைக்காமல் வேதமாக வைத்திருக்கிறது. அந்தப் பகுதியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று ஒரு நாள் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முதல் ஞாயிறு. சமையல் சீட்டு ஒரு அக்காவுக்கு விழுந்திருந்தது. அவர் மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், அருந்ததியர். அம்மா ஆராதனையில் கண்ணீரோடு ஜெபித்தார். திருவிருந்து எடுத்தார். பாய் விரித்ததும் என் காதருகே குனிந்து, "இது யாரு சமையலு?" என்றார். சொன்னேன். "எனக்கு வயிறு சரியில்லப்பா, ஒரு பழம் மட்டும் போதும்" என்றார்.

தோழர்களே, அம்மாவுக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது. வாளிச் சோறு தின்று வளர்ந்தவர் என் அம்மா. அவர் வாளியைத் தன் கையால் இன்னொருத்திக்கு நீட்டினார். நான் என்ன செய்தேன்? 1833 தெரியும், 1850 தெரியும், வடக்கன்குளம் வழக்கு தெரியும். எழுந்து போய் ஒரு வாழைப்பழம் எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பேதுருவாவது தானே எழுந்தார். நான் உட்கார்ந்தபடியே எழுந்துவிட்டேன்.

அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாத்திரம் கழுவும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற தைரியம்கூட வரவில்லை. அவரே சொன்னார்: "தம்பி, எனக்கு இது புதுசு இல்ல. உங்க அம்மா வெளிய சாப்பிடாட்டி எனக்கு என்ன? ஆனா இங்க அந்த அப்பத்த வாங்கிட்டு என் சோத்த வேணாம்னா, அந்த அப்பம் யாரு கொடுத்தது?"

என் ஆய்வேட்டில் இதைவிட நல்ல வரி எதுவும் இல்லை.

அன்று இரவு அறையில் அம்மாவிடம் பேசினேன். சண்டைதான். "நீ படிச்சவன், நாங்க ஊர்ல வாழணும்" என்றார். ஆச்சியின் வாளியைப் பற்றிச் சொன்னேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க ஆச்சி ஒரு தடவ பந்தியில உக்காந்துச்சு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் அம்மா அதைப் பார்த்திருக்கிறார். ஆச்சி போய் உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆச்சி இலையில் போட்டதை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாராம். அதற்குப் பிறகுதான் போவதை நிறுத்தியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அம்மா அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு முறை வந்துவிட்டார். ஒருமுறை அந்த அக்காவோடு உட்கார்ந்து பூண்டு உரித்தார். அன்றைக்குச் சமைத்தது வேறு வீடு. ஆகவே அம்மா மாறிவிட்டார் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடுத்த சீட்டில் என் பெயரையும் அக்கா பெயரையும் சேர்த்தே போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அம்மாவை அழைப்பேன். வாழைப்பழம் வாங்கி வைக்கமாட்டேன்.

சோற்றால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் தெளிவாக்கிவிட்டார். சமபந்தி உணவு சாதியைக் கொன்றுவிடவில்லை, உண்மையான மருந்து சாதி மறுப்புத் திருமணமே என்றார். எங்கள் சபையிலும் பந்தி நடக்கிற அளவுக்குக் கலியாணம் நடக்கவில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போது, கிறித்தவ மணமகன் தேவை என்பதற்கு முன்னால் சாதிப் பெயரைப் போட்டுத்தான் விளம்பரம் கொடுக்கிறார்கள். இதைச் சபைக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். முகங்கள் சுண்டின. திரும்பவும் பேசுவோம்.

வரவேற்கிற சபை என்ற சொல்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டுக்காரன்தான் விருந்தாளியை வரவேற்பான். தமிழகத்துக் கிறித்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். அவர்களை யார், யாருடைய வீட்டுக்குள் வரவேற்பது? எங்களுக்கு வேண்டியது வரவேற்பு இல்லை. உலை வைக்கிற உரிமை. எங்கள் கை வைத்த சோற்றை எல்லாரும் உண்கிற பந்தி. அந்தக் கையைவிடத் தாழ்ந்தது என்று நாங்கள் நினைக்கப் பழகிய இன்னொரு கையின் சோற்றை நாங்களும் உண்கிற பந்தி.

கேள்வி கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான். நான் கோயிலுக்குப் போவது மாதத்தில் ஒரு நாளாவது என் சாதியை என் வாயிலேயே பிடித்துப் பார்ப்பதற்காக. நூலகத்தில் அது பிடிபடவில்லை. இந்த வட்டத்திலும் பிடிபடவில்லை. இங்கே நாம் தேநீர்தான் குடிக்கிறோம், அதுவும் கடையில் வாங்கி. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாமே சமைப்போமா? சீட்டுக் குலுக்கலாம். நான் அரிசி கொண்டுவருகிறேன்.