தோட்டமும் ஏரியும்



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னே இருப்பது தண்டலம். 'தண்டலை' என்றால் பழந்தமிழில் குளிர்ந்த சோலை. ஊர்ப்பெயரைக் கேட்டதும் அச்சொல் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரிவனவோ தொழிற்சாலைக் கூரைகள். 1990களின் பிற்பகுதியில் அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ஒரகடம் வரையில் ஆலைகள் பெருகின. இத்தகைய வட்டாரத்தில், மின்கம்பியின் துணையின்றி, ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்தை நம்பி ஒரு குடும்பம் வாழ முடியுமா? முடியுமாயின், எதன் பலத்தால்? இதுவே இன்று நாம் ஆராயும் பொருள்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். 'பெர்மாகல்ச்சர்' என்ற சொல் அதனால் பரவிற்று. நிலைத்து நிற்கும் வேளாண்மை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாக வேண்டும். ஒரே பொருள் பல பயன் தரவேண்டும். இதுவே அதன் சாரம். இரண்டு மூன்று மாடுகள் ஒரு நாளைக்குத் தரும் சாணம் ஏறக்குறைய 25 கிலோ. அதைக் கலனில் இட்டால் ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். அடுப்பு எரிந்த பின்னும் எஞ்சிய சாணக் கரைசல் உரமாகிறது. முன்பு ஏற்றமும் கவலையும் செய்த வேலையை இன்று சூரிய ஒளியில் இயங்கும் இறைப்பான் செய்கிறது.

இனி, இந்நாட்டில் அத்தகைய நிலத்தின் ஓராண்டு வாழ்வைக் காண்போம்.

சித்திரையும் வைகாசியும் ஓய்வுக்காலம் போலத் தோன்றும். ஆனால் ஓய்வு இல்லை. கோடை மழை பெய்த ஈரத்தில் நிலத்தை உழுதிடவேண்டும். வற்றிய ஏரியின் வண்டல் மண்ணை வயலில் பரப்புதலும் இக்காலத்து வேலையே. பனை நுங்கு தருகிறது. அதன் ஓலை கூரைக்கு ஆகிறது. ஆடியில் அவரையும் பூசணியும் பீர்க்கும் ஊன்றுவார்கள். கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை அவற்றின் வேர்முடிச்சுகள் மண்ணுக்கு ஈட்டித் தருகின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. அப்போது வரப்பைக் காப்பதே தலையாய பணி. தையில் சம்பா அறுவடை. நெல் மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, தெளிந்த மணிகள் அடுத்த விதைப்புக்கு. ஏரியில் நீர் மிஞ்சியிருந்தால் நவரைப் பயிர். மேலும் இருந்தால் சித்திரையில் சொர்ணவாரி. எத்தனை போகம் என்பதை உழவன் முடிவு செய்வதில்லை. ஏரி முடிவு செய்கிறது.

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே ஆண்டு மழை சராசரியாக ஏறக்குறைய 1200 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓராண்டில் விழும் நீர் 48 லட்சம் லிட்டர்! இவ்வளவு நீர் பெய்யும் இடத்தில் பஞ்சம் ஏன்? இதில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் கொட்டிவிடுகிறது என்பதே விடை. கரூர் மாவட்டத்துச் சுருமான்பட்டியில், வறண்ட நிலத்தில் 'வானகம்' பண்ணையை அமைத்த நம்மாழ்வார் (1938–2013) போன்றோர், மழைநீரை நிலத்திலேயே நிறுத்துவதை முதற்பாடமாகக் கொண்டனர். குழியும் வரப்பும் மூடாக்கும் ஈரத்தைக் காக்கும். ஆனால் கார்த்திகையின் வெள்ளத்தைப் பங்குனி வரையில் சேர்த்து வைக்க ஓர் ஏக்கர்க்காரனால் இயலாது. அதற்கு ஊர் முழுவதும் சேர்ந்து கட்டிய பாத்திரம் ஒன்று வேண்டும். அதுவே ஏரி.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது உத்திரமேரூர். முதற் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் தோட்ட வாரியம் ஒன்று. ஏரி வாரியம் மற்றொன்று. தோட்டத்தையும் ஏரியையும் ஒரே சபை தன் பொறுப்பில் வைத்திருந்தது. ஒன்று கெட்டால் மற்றது நில்லாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் அன்றோ?

ஏரியும் தனித்து நிற்பதன்று. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அந்நீர் அடுத்ததற்குச் செல்லும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தை அடைகிறது, அங்கிருந்து அடையாற்றுக்கு. வரத்துக்கால் ஒன்று தூர்ந்து மனையானால், அதன் கீழுள்ள ஏரி பட்டினி கிடக்கும். பெருமழையிலோ தெரு வெள்ளக்காடாகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்துவிடப்பட, அடையாறு கரை புரண்டது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. நான்கே ஆண்டுகளுக்குள் மிகையும் குறையும் கண்டோம். மழையை நொந்து பயனில்லை; அதைத் தேக்கும் முறையில் நாம் தளர்ந்தோம்.

ஆகவே நண்பர்களே, மின்கம்பியை விட்டு வாழ்தல் கூடும். ஏரியை விட்டு வாழ்தல் கூடாது. தன்னிறைவு என்பது வேலிக்குள் தனித்திருத்தல் அன்று. தன் வேலிக்கு வெளியே உள்ள பொதுவுடைமையைக் காப்பவனுக்கே வேலிக்குள் விளைவு உறுதி. ஆலையில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும். அவர்கள் பருகுவதும் இதே நீர்தான்.

வரும் விடுமுறையில் உங்கள் ஊர் ஏரிக்குச் செல்லுங்கள். வரத்துக்கால் எங்கே, மதகு எத்தனை, கலங்கல் நீர் எங்கே போகிறது என்று கேட்டறிந்து ஒரு படம் வரையுங்கள். மறைந்துபோன கால்வாயையும் அதில் குறியுங்கள். ஊரின் நீர்வழியை அறிந்த இளைஞர் இருக்கும் வரையில், தண்டலைகள் வெறும் பெயராய் நின்றுவிட மாட்டா.