பழுத்ததைப் பிரித்து வைத்தல்



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள எங்கள் எழுமலையில், கோடை பிறந்தால் வீட்டு மூலையில் வைக்கோல் பரப்பி மாங்காய்களை அடுக்குவார்கள். காலைதோறும் என் தாயார் அவற்றைப் புரட்டிப் பார்த்து, பழுத்ததையும் அடிபட்டதையும் தனியே எடுத்துவிடுவார். ஒருமுறை வெளியூர் சென்றபோது அவ்வேலையை என்னிடம் ஒப்படைத்தார். நான் விளையாட்டில் மறந்தேன். அவர் திரும்பியபோது பாதிக்குமேல் குழைந்து கிடந்தன. அவற்றை விற்றுத்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதாக இருந்தது. அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை, அதுதான் வலித்தது.

காரணத்தைப் பின்னாளில் ஆசிரியப் பயிற்சியின்போதே அறிந்தேன். பழுக்கும் மாங்கனி எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. அது அருகிலுள்ள காய்களையும் விரைந்து பழுக்கச் செய்கிறது. பழுக்கும் ஆப்பிளிலிருந்து அவ்வாயு வெளிவருவதை 1934இல் ரிச்சர்டு கேன் என்னும் ஆங்கிலேயர் மெய்ப்பித்தார். என் தாயார் வாயுவின் பெயரை அறியார். அதன் வேலையை அறிவார்!

ஆகவே, பழுத்த மாவையும் வாழையையும் கீரை, வெள்ளரியோடு ஒரே கூடையில் வைக்க வேண்டா. பழுக்காத மாங்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரிவரப் பழுக்காது, பழுத்தபின் வைக்கலாம். வாழைப்பழத்தின் தோல் அங்கே கறுத்துப்போகும். அதைக் கண்டு பழத்தை எறிந்துவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். திராட்சையை உண்ணும் வேளையில் மட்டும் கழுவுங்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.