முதுகில் ஸ்க்ரூ, முன்னால் பெருந்தமனி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலரும் நினைவுகளைப் பேச நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். அதனால் நான் என் தொழிலிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். முதுகெலும்பில் போடும் ஸ்க்ரூ வழி தவறி ரத்தக்குழாயைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அது. "சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால இதெல்லாம் தேவையா?" என்று குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

முதலில் ஒரு ஆறுதலான வார்த்தை. இது மிக அரிதாக நடப்பது. நரம்பு உரசுவது, ஸ்க்ரூ தளர்வது போன்றவற்றை நாம் அவ்வப்போது பார்க்கிறோம். பெரிய ரத்தக்குழாயில் காயம் என்பதைப் பல சர்ஜன்கள் தம் வாழ்நாளில் பார்க்காமலேயே ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் வந்தால், யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. அதனால்தான் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

இந்த ஆபத்து ஸ்க்ரூவோடு பிறந்ததல்ல. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் கால் வலிக்குக் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் இருவரும் எழுதியது 1934-இல். பதினொரே ஆண்டுகளில், 1945-இல், லின்டன், ஒயிட் என்ற இரண்டு மருத்துவர்கள் டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புத் தமனிக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையே ஏற்பட்டுவிட்ட இணைப்பைப் பற்றி எழுதினார்கள். டிஸ்க்கைக் கிள்ளி எடுக்கும் கருவி முன்பக்க உறையைத் தாண்டிப் போனதன் விளைவு. பிறகு 1960-களில் பாரிஸில் ராய்-கமீல், எலும்பின் பெடிக்கிள் வழியாக ஸ்க்ரூ போடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகமெங்கும் அதுதான் வழக்கம். உடைந்த முதுகெலும்பு, நழுவிய எலும்பு, காசநோயில் அரித்த எலும்பு எல்லாவற்றையும் அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்த முறை அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். நாம் முதுகுப் பக்கம் நிற்கிறோம். இடுப்பு எலும்பில் போடும் ஸ்க்ரூ சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன், 40 முதல் 50 மில்லிமீட்டர் நீளம். அது போகும் வழி கண்ணுக்குத் தெரியாது. எலும்பின் முன் சுவரை ஒட்டினாற்போல் இடப்பக்கம் பெருந்தமனி, வலப்பக்கம் கீழ்ப்பெருஞ்சிரை. நான்காம் இடுப்பு எலும்பின் மட்டத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. மார்புப் பகுதியில் அது முதலில் எலும்பின் இடப்பக்கத்தில் இறங்கி, கீழே வரவர நடுவுக்கு வருகிறது. அங்கே பெடிக்கிளும் குறுகல். இடப்பக்கம் போடும் ஸ்க்ரூ கொஞ்சம் வெளிப்பக்கமாக விலகினால் அது போய் முட்டும் இடம் எது என்று உங்களுக்கே தெரியும். முதுகு கோணலான பிள்ளைகளுக்கு எலும்பு திரும்பியிருப்பதால் பெருந்தமனியும் இடம் மாறி, இன்னும் பக்கவாட்டில், இன்னும் பின்னால் வந்து நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே கணக்குப் போட்டால் அங்கே தப்பிவிடும்.

கழுத்தின் கதை வேறு. அங்கே மூளைக்குப் போகும் வெர்டிப்ரல் தமனி எலும்புக்குள்ளேயே துளை வழியாக ஏறிப் போகிறது. முதல் இரண்டு கழுத்து எலும்புகளை ஸ்க்ரூவும் பிளேட்டும் வைத்து இணைக்கும் முறையை மும்பையிலிருந்து அதுல் கோயலும் லஹேரியும் 1994-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டிலிருந்து போய் உலகம் பின்பற்றும் முறை அது. நமக்குப் பெருமைதான். ஆனால் சிலருக்கு அந்தத் தமனி இரண்டாம் எலும்பில் வழக்கத்தைவிட மேலே வளைந்து ஓடும். சி.டி. ஸ்கேனில் அதைப் பார்க்காமல் கை வைக்கவே கூடாது. ஒரு பக்கத் தமனியில் காயம் என்று சந்தேகம் வந்துவிட்டால், மறுபக்கம் அதே மாதிரி ஸ்க்ரூ போடாதீர்கள். ஒன்று போனாலும் பெரும்பாலும் மற்றது மூளையைக் காப்பாற்றும். இரண்டும் போனால்?

மாணவர்கள் முக்கியமாகக் கேளுங்கள். எலும்பின் முன்பக்கம் தட்டையாக இல்லை, உருண்டை. அதனால் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ முனை எலும்புக்குள் இருப்பதுபோல் தெரியும். நிஜத்தில் முன்மூலையைத் தாண்டி வெளியே நிற்கும். அந்தப் படத்தில் எலும்பின் ஆழத்தில் ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வொரு துளையிலும் மழுங்கிய முனையுள்ள ஃபீலரை விட்டு நாலு சுவரையும், அடித்தளத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சிறிய கீறல் வழியாகச் செய்யும்போது வழிகாட்டிக் கம்பி ஸ்க்ரூவோடு சேர்ந்து முன்னால் ஓடாமல் சி-ஆர்மில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நேவிகேஷன், ரோபோ எல்லாம் வந்துவிட்டன, நல்ல விஷயம். குறி பிசகுவது அவற்றால் குறைந்திருக்கிறது. ஆனாலும் நோயாளி மேஜையில் அசைந்தால் கம்ப்யூட்டர் காட்டும் இடமும் எலும்பு இருக்கும் இடமும் வேறு வேறாகிவிடும். கருவி வாங்கலாம், அனாடமியை யாரும் விற்பதில்லை.

சரி, காயம் பட்டுவிட்டது. எப்படித் தெரியும்? ரத்தம் பீறிட்டு வரும் என்றுதானே நினைப்போம்? பல சமயம் வராது. ரத்தம் முன்பக்கம், வயிற்றுக்குப் பின்னால் உள்ள இடத்தில் தேங்கும். நம் காயம் சுத்தமாக இருக்கும். பி.பி. மட்டும் இறங்கும், நாடி ஏறும். அதை முதலில் பார்ப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து டாக்டர். அவர் "சார், பி.பி. விழுது, அங்க ஏதாவது ரத்தம் போகுதா?" என்று கேட்டால், "இங்க ஒண்ணும் இல்லையே, உங்க மருந்தைப் பாருங்க" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் போகும் நிமிடங்கள் திரும்பி வராது. கையை நிறுத்துங்கள். ரத்தத்துக்குச் சொல்லுங்கள், வாஸ்குலர் சர்ஜனைக் கூப்பிடுங்கள். காயத்தை அடைத்து மூடி, நோயாளியை மல்லாக்கத் திருப்புங்கள். நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது, வயிற்றைத் திறக்க வேண்டியதுதான்.

இன்னொரு வகை இருக்கிறது, அது சத்தமே போடாது. ஸ்க்ரூ முனை தமனிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நாடி ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. துடிக்கும் ஒவ்வொரு தடவையும் சுவர் அந்த முனையில் உரசுகிறது. மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ சுவர் அரிந்து, ரத்தம் கசிந்து, சூடோ அனியூரிசம் என்னும் பொய்ப் புடைப்பு வரலாம். எனவே இங்கே வந்திருக்கும் குடும்ப டாக்டர் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதுகில் ஸ்க்ரூ உள்ள ஒருவர் புதிதாக நெஞ்சு வலி, வயிற்று வலி, காரணம் தெரியாத ரத்தசோகை என்று வந்தால், "ஆபரேஷன் பண்ண முதுகு, அப்படித்தான் இருக்கும்" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடாதீர்கள். சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அப்படிக் கண்டுபிடித்த ஸ்க்ரூவை உடனே கழற்றிவிடலாமா? அங்கேதான் நிதானம் வேண்டும். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஸ்க்ரூவாகவே இருக்கலாம். கழற்றினால் அணை திறந்த மாதிரி ஆகிவிடும். அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி 1990-இல் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்துக் காட்டினார். அந்த வழிதான் இன்று இங்கேயும் கைகொடுக்கிறது: உள்ளிருந்து தமனிக்கு ஒரு புது உறை போட்டுவிட்டு, அல்லது போடத் தயாராக இருந்துகொண்டு, பிறகு ஸ்க்ரூவை எடுப்பார்கள். தொந்தரவு இல்லாமல் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவை என்ன செய்வது என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எலும்பு சர்ஜனும் வாஸ்குலர் சர்ஜனும் உட்கார்ந்து பேசி, நோயாளியிடமும் குடும்பத்திடமும் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

நான் சொல்ல வந்தது இதுதான். முதல் வருஷம் நாம் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று ஒரே உடலைப் படித்தோம். அப்புறம் ஒருவர் எலும்புக்குப் போனோம், ஒருவர் நரம்புக்கு, ஒருவர் ரத்தக்குழாய்க்கு, ஒருவர் மயக்க மருந்துக்கு. பிரிந்தது நாம்தான், உடல் பிரியவில்லை. முதுகெலும்புக்கும் பெருந்தமனிக்கும் நடுவே டிபார்ட்மென்ட் சுவர் கிடையாது. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வாஸ்குலர் சர்ஜனின் போன் நம்பர் தியேட்டரில் எழுதி வைத்திருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் பயமில்லாமல் குரல் கொடுக்க முடிகிறதா, இந்த இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்ற பதில் இருந்தால் நோயாளிக்குப் பாதி பாதுகாப்பு வந்துவிட்டது.

மீதிப் பாதி மாணவர்களே, உங்கள் கையில் இருக்கிறது. முதுகெலும்பைப் படிக்கும்போது பின்பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். முன்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.