குறிக்கோளும் உறுப்பினர் பெருக்கமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின்போது இராஜபாளையத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஒரு கல்விக் கழகத்தின் பொறுப்பில் இருப்போர் குறிக்கோளை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும், உறுப்பினரை எவ்வாறு பெருக்க வேண்டும் என்று பேசுமாறு நமக்குப் பணித்துள்ளனர். வெள்ளி விழா மேடையில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் பெருமையைப் பேசுவது எளிது. மாலை வகுப்பு நடத்தினோம், பாடக்குறிப்பேடுகள் வழங்கினோம், நூற்பாலையிலும் வயற்காட்டிலும் கூலி வேலை செய்தோரின் மக்கள் பலர் இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் இருக்கின்றனர். இவை யாவும் உண்மை. ஆயினும் இம்மண்டபத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். முன்வரிசைகள் முழுவதும் நரைத்த தலைகள். இளைஞர்களோ வாயிலருகே நிற்கின்றனர். இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன்விழாக் கொண்டாட யார் இருப்பார் என்னும் வினாவே நம் உரையின் பொருள்.

முதலில் நம் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் செயலாளர் பொறுப்பில் இருந்த ஓராண்டில் உறுப்பினர் சேர்க்கை இயக்கம் ஒன்று நடத்தினோம். திருமண வீடுகள், கோயில் கொடை, தேநீர்க்கடை என்று எங்கும் இரசீதுப் புத்தகத்தோடு சென்றோம். மூன்று புத்தகங்கள் தீர்ந்தன. ஆண்டறிக்கையில் அதனைப் பெருமையுடன் எழுதினோம். ஆனால் சந்தா தந்தவர்களுக்கு நாம் கொடுத்தது அந்த இரசீது ஒன்றே. அவர்களை ஒரு கூட்டத்திற்கேனும் அழைத்தோமில்லை. ஒரு பணியையேனும் ஒப்படைத்தோமில்லை. மறு ஆண்டு சென்றபோது ஒரு புத்தகத்தில் பாதிகூடத் தீரவில்லை. ஒரு மூதாட்டி நம்மிடம் கேட்டார்: "போன வருசம் வாங்கிட்டுப் போனீகளே ஐயா, அதுக்கப்புறம் இந்தத் தெருப்பக்கம் எட்டிப் பாத்தீகளா?" விடை சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

அதே ஆண்டில்தான் மற்றொன்றும் நிகழ்ந்தது. நம் தெருவில் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தந்தை இல்லை, தாய் கூலி வேலைக்குச் செல்பவர். வருவாய்ச் சான்றிதழ் உரிய காலத்தில் பெறப்படவில்லை. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாளும் கடந்துவிட்டது. அடுத்த பருவக் கட்டணம் கட்ட வழியின்றி அவன் படிப்பை விட்டு ஆலை வேலைக்குப் போனான். அந்த மாதத்தில் நம் செயற்குழு மூன்று முறை கூடியிருந்தது. மூன்று முறையும் பேசியது ஆண்டு விழாவின் மேடையையும் சுவரொட்டியையும் பற்றி. உறுப்பினர் எண்ணிக்கையில் நாம் உயர்ந்து நின்ற ஆண்டும், ஒரு மாணவனை நம் கண்ணெதிரே இழந்த ஆண்டும் ஒன்றே.

அன்று கற்ற பாடம் இது. எண்ணிக்கையைத் தேடிப் போனால் எண்ணிக்கையும் நிலைக்காது, பணியும் நடவாது. தெளிவான பணி ஒன்றை முன்வைத்தால் அதனைச் செய்ய ஆட்கள் வருவர், வந்தவர் நிலைப்பர். இதனை நம் முன்னோர் வரலாறே காட்டுகிறது.

தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டு சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரால் பிறர் இழித்தனரோ, அந்தப் பெயரையே தலைப்பில் பொறித்தார். தொடக்கத்தில் அது நான்கே பக்கங்கள் கொண்ட திங்களிதழ். அந்த ஆண்டின் இறுதியில் அவர் கையிலெடுத்த பணி திட்டவட்டமானது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். அவ்வாறு நடந்தால் சாதியால் உயர்த்தப்பட்டோரே அதிகாரப் பதவிகளில் நிரம்புவர் என அஞ்சிய சீனிவாசனார், அதனை எதிர்த்து விண்ணப்பம் ஒன்று திரட்டினார். அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர். அதன் நீளம் 112 அடி. அது இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது.

இளைஞர்களே, அக்காலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் மக்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். தொலைபேசி இல்லை, வாகனம் இல்லை. கையொப்பம் வேண்டுமெனில் ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு, பொருளை விளக்கி, ஐயம் தீர்த்து, அதன் பின்னரே பெற இயலும். 112 அடித் தாள் என்பது அத்தனை உரையாடல்களின் நீளம். "எங்கள் சபையில் சேருங்கள்" என்று மட்டும் அவர் அழைத்திருந்தால் இத்தனை பேர் திரண்டிருப்பரோ என்பது ஐயமே. "இதற்காக, இன்னாருக்கு, இதனை அனுப்புகிறோம், உம் பெயரை இடுக" என்று அழைத்தமையால் திரண்டனர். அதே சீனிவாசனார் பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, 1924ஆம் ஆண்டு பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார்.

அதே 1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் 'பகிஷ்கிருத இதகாரிணி சபை'யைத் தோற்றுவித்தார். ஒதுக்கப்பட்டோர் நலச் சபை என்பது அதன் பொருள். விடுதிகள், நூலகங்கள், படிப்பு வட்டங்கள் அமைத்தல் முதலியன அதன் நோக்கங்கள். மறு ஆண்டே, 1925இல், சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. 1928இல் அச்சபை கலைக்கப்பட்டுக் கல்விப் பணிக்கெனத் தனிக் கழகம் உருவாயிற்று. 1945இல் மக்கள் கல்விக் கழகமும், 1946இல் பம்பாய் சித்தார்த்தா கல்லூரியும் எழுந்தன. ஒரு விடுதியில் தொடங்கிய பணி ஒரு கல்லூரியாக வளர இருபத்தோராண்டுகள் ஆயின. இடையில் சபையின் பெயர் மாறிற்று, பணி மாறவில்லை. பெயர்ப்பலகையைக் காப்பதைவிடப் பணியைக் காப்பதே பெரிது என்பதை அண்ணல் செய்து காட்டினார்.

உலக அளவிலும் ஒரு சான்று காண்போம். அரிமா சங்கத்தை நீங்கள் அறிவீர்கள். 1917இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் மெல்வின் சோன்சு என்பவர் தொடங்கி வைத்த இயக்கம் அது. 1925இல் அதன் மாநாட்டில் பார்வையும் செவியும் இழந்த எலன் கெல்லர் அம்மையார் உரையாற்றி, பார்வையற்றோரின் இருளை எதிர்த்துப் போரிடும் வீரர்களாகுமாறு வேண்டினார். அன்று முதல் கண்ணொளி காத்தல் அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று. ஊர்தோறும் அச்சங்கத்தார் கண் சிகிச்சை முகாம் நடத்துவதன் வேர் அதுவே. ஒரு தெளிவான வேண்டுகோள் ஓர் இயக்கத்திற்கே முகம் தந்துவிட்டது.

தொலைவில் தேடுவானேன்? நம் திருவில்லிபுத்தூரில் உள்ள பென்னிங்டன் நூலகத்தைப் பாருங்கள். 1875இல் தொடங்கப்பட்டு, நூற்றைம்பது ஆண்டுகளாக வாழ்கிறது. நூல்களைச் சேர்ப்பதும் படிக்கத் தருவதும் அதன் வேலை. தொடங்கியோர் எவரும் இன்றில்லை, வேலை நின்றதில்லை.

இனி, நாம் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, குறிக்கோளை எழுதி வைத்தல். "சமுதாயத்தைக் கல்வியில் உயர்த்துவோம்" என்பது நல்ல வாழ்த்து. அது நிறைவேறிற்றா இல்லையா என்று ஆண்டிறுதியில் எவரும் அளந்து பார்க்க இயலாது. இவ்வாறு எழுதிப் பாருங்கள்: "இவ்வாண்டு நம் தெருக்களில் கல்வி உதவித்தொகைக்குத் தகுதியுள்ள எந்த மாணவரும் விண்ணப்பம் தவறவிடக் கூடாது." இதனை அளக்கலாம். யார் தவறினர் என்று பெயரோடு கேட்கலாம்.

இக்குறிக்கோளின் பயனும் சிறிதன்று. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு உண்டு. அதில் தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்பட்டவர், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுவர். நான்காண்டுகளில் அது 48,000 ரூபாய். பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையோ, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிருவாகக் குழுவில் அங்கம் வகித்த காலத்தில், 1944இல் தொடங்கியது. போராடிப் பெற்ற உரிமை, ஒரு சான்றிதழ் இல்லாமையால் நம் வீட்டு வாயிலில் நின்றுவிடலாமா? சாதிச் சான்றிதழ், வருவாய்ச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் பள்ளி திறக்கும் முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பணியைப் பகிர்தல். தெருவாரியாகப் பட்டியல் எடுங்கள். இருபது வீட்டிற்கு ஒருவர் பொறுப்பு. அந்த இருபது வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, எந்தச் சான்றிதழ் இல்லை என்பதை அவர் அறிந்திருப்பார். இது மாதத்தில் இரண்டு மாலைப் பொழுதில் முடியும் வேலை. இத்தகைய சிறிய, முடிவுள்ள வேலையை ஏற்க மறுப்போர் குறைவு.

மூன்றாவது, நேரில் சென்று அழைத்தல். தேநீர்க்கடையில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் இளைஞரை நாம் குறை கூறுகிறோம். அந்தக் கைப்பேசியில்தான் இன்று விண்ணப்பங்கள் யாவும் நிரப்பப்படுகின்றன. நமக்குத் தெரியாத அந்த வேலை அவர்களுக்குத் தெரியும். "கூட்டத்திற்கு வா" என்று சொல்லாமல், "தம்பி, இந்த மூன்று பிள்ளைகளின் விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தா" என்று கேளுங்கள். ஆலையில் இரவுப் பணி முடித்து வந்தவர் காலைக் கூட்டத்திற்கு வர இயலாது. பணி முறை அறிந்து நேரம் குறியுங்கள். பெண்களை வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் மட்டும் அழைக்கும் வழக்கத்தை விடுங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகிறது என்பது முதலில் அவர்களுக்கே தெரியும். செயற்குழுவில் அவர்களுக்கு இடம் கொடுத்தாலன்றி அச்செய்தி நமக்கு எட்டாது.

நான்காவது, கணக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவுக் கணக்கை முன்வைக்க வேண்டும். சட்டத்திற்காக மட்டும் இதனைச் செய்யாதீர்கள். பத்து ரூபாய் தந்த கூலித் தொழிலாளிக்கு அந்தப் பத்து ரூபாய் எங்கே போயிற்று என்று அறியும் உரிமை உண்டு. கணக்கை வாசித்துக் காட்டும் கழகத்திற்கு அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கேட்கும் தகுதி தானே வரும். பணக் கணக்கோடு பணிக் கணக்கையும் வாசியுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைத்தது, எத்தனை பேர் தவறினர், ஏன் தவறினர் என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாவது, வழிவிடுதல். இது நம் போன்ற மூத்தோர்க்கு உரியது. நிருவாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது என்கிறது அதே சட்டம். மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படச் சட்டம் தடை செய்யவில்லை. நம் மனச்சான்று தடை செய்ய வேண்டும். இளைஞர் வரவில்லை என்று வருந்துகிறோம். அமர்வதற்கு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தோமா? பொறுப்பேற்ற நாளிலிருந்தே தமக்குப் பின் வருபவரைப் பழக்கத் தொடங்குபவரே தலைவர். அவர் தவறு செய்வார், நாமும் செய்தோம். அருகிலிருந்து திருத்துவதே மூத்தோர் கடன்.

இறுதியாக ஒரு செய்தி. படிப்பை விட்டு ஆலைக்குச் சென்ற மாணவனைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? சில ஆண்டுகளுக்குப் பின் அவனைத் தேடிச் சென்றோம். வருத்தம் தெரிவித்தோம். அவன் நம்மைப் பழிக்கவில்லை. கழகத்தில் உறுப்பினனாகச் சேர வேண்டும் என்று கேட்டபோது, "சந்தா தாரேன் ஐயா, எந்தத் தெருவை நான் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அன்று முதல் அவன் தெருவில் ஒரு விண்ணப்பமும் தவறியதில்லை. அவனுடைய தங்கை அவனே நிரப்பிய விண்ணப்பத்தால் பட்டம் பெற்றாள். அவன் இழந்ததை நம்மால் திருப்பித் தர இயலவில்லை. அவன் கேட்ட கேள்வியை மட்டும் உங்கள் கையில் தருகிறோம்.

வாயிலருகே நிற்கும் தம்பியரே, தங்கையரே! முன்னே வாருங்கள். கூட்டம் முடிந்ததும் தெருப் பட்டியல் இந்த மேசைமீது இருக்கும். உங்கள் பெயரை எழுதுமுன் எந்தத் தெரு என்பதை எழுதுங்கள்.