தராசு தந்த நீதி

(சங்க ஆண்டு விழாவையொட்டிப் போனக்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நமக்கு இடப்பட்ட தலைப்பு மற்போர். பேரேட்டைப் புரட்டும் கைக்கு மல்லுக்கட்டோடு என்ன உறவு என்று முன்வரிசையில் சிலர் முறுவலிப்பது தெரிகிறது. உறவு உண்டு, ஐயா. அந்த உறவின் பெயர் தராசு.

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எந்த மூட்டையும் தராசு மேடை ஏறாமல் வண்டி ஏறுவதில்லை. எடைக்கு ஏற்ற கட்டணம். அதில் ஏழை மூட்டை, பணக்கார மூட்டை என்ற பேதம் இல்லை. இத்தோட்டம் செழித்திருந்த காலத்தில், நம் தாய்மார்கள் மலைச்சரிவில் நாளெல்லாம் கொழுந்து பறித்துக் கூடையை இறக்கி நின்றதும் ஒரு தராசின் முன்னிலையில்தான். முள் காட்டிய அளவே அன்றைய உழைப்பின் கணக்கு. ஆகவே தராசு என்றால் என்ன என்பதை இவ்வூராருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மற்போர்க் களத்துக்குள் அதே தராசு எவ்வாறு நுழைந்தது, நுழைந்து யாருக்கு வாழ்வளித்தது என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

நம் தலைக்கு மேலே நிற்பது அகத்தியர் கூடம். கயிலையில் இறைவன் திருமணத்துக்கு எல்லாரும் கூடியபோது வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது என்றும், உலகைச் சமன் செய்ய ஒருவர் தென்னாடு அனுப்பப்பட்டார் என்றும் புராணம் கூறும். அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பேருடல் படைத்த வீரரல்லர், குறுமுனி! சிறியவரின் பெருமையைப் பேசுவதற்கு இம்மலையடிவாரத்தைக் காட்டிலும் தகுந்த இடம் வேறு எது?

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் உள்ளது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் பூண்ட பட்டமே மாமல்லன்; அப்பட்டமே கடற்கரை நகரொன்றின் பெயராயிற்று. ஆயினும் பழைய களங்களில் எடை பார்த்து ஆள் பிரித்ததாகச் செய்தி இல்லை. பெரியவன் வந்தால் சிறியவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னாளில் தாராசிங், கிங்காங் ஆகியோரின் படங்கள் சுவர்தோறும் ஒட்டப்பட்ட காலத்திலும் மக்கள் கண்டு வியந்தது பேருடலைத்தான். கிங்காங்கின் வயிற்றைக் கண்டு குழந்தைகள் வாய் பிளந்தனர். மெலிந்த உடல் வாய்த்த இளைஞனோ, மற்போர் நமக்கு உரியதன்று என்று எண்ணி வீடு திரும்பினான்.

ஜப்பான் நாட்டிலும் இதே நிலைதான். அவர்களுடைய தொன்மையான சுமோ மற்போரில் எடைப் பிரிவே கிடையாது. மலைபோன்றவனும் கொடிபோன்றவனும் ஒரே வட்டத்தில் மோதுவர். அந்தச் சுமோவிலிருந்து வந்தவரே ரிக்கிடோசான் என்பவர். கொரியாவிற் பிறந்த அவர், 1953-ஆம் ஆண்டு ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டில் அயல்நாட்டு மல்லர்களோடு அவர் பொருததைத் தொலைக்காட்சியில் காண வீதிதோறும் மக்கள் திரண்டனர். 1955-இல் ஆசியப் பட்டத்துக்காக அவர் மோதி வென்றது வேறு யாரையுமன்று. நம் சுவரொட்டிகளில் இருந்த அதே கிங்காங்கைத்தான்.

தொழில்முறை மல்யுத்தம் என்பது முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு நடத்தும் வீரக் காட்சி. நம் கூத்தைப் போன்றது. எனினும் அதற்கும் உடல் வருந்தும் பயிற்சி வேண்டும். அக்காட்சியிலும் நெடுநாள் பேருடலார்க்கே மகுடம். 1978-ஆம் ஆண்டு சனவரியில் தட்சுமி புஜினாமி என்னும் இளைஞர் நியூயார்க் மாநகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், எடை குறைந்தவர்க்கான பட்டமொன்றை வென்று ஜப்பானுக்குக் கொணர்ந்தார். 1981-இல் புலிமுகமூடி அணிந்த சயாமா என்பவர் பறவைபோல் பாய்ந்து பொருது குழந்தைகளைக் கவர்ந்தார். அந்த ஆர்வம் பெருகியதன் பயனாக, 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், 100 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கென்றே தனி வாகைப் பட்டம் ஒன்று தோன்றிற்று. ஷிரோ கொஷினாகா அதன் முதல் உரிமையாளர். முகமூடி வீரர் லைகர் அதனைப் 11 முறை சூடி, 2020-இல் ஓய்வு பெற்றார். பெரியவர்களின் நிழலில் நின்றவர்களுக்குத் தனி மேடை தந்தவுடன் அம்மேடையைக் காணவே கூட்டம் வந்தது. இது கூத்துக் களத்தின் கதை.

இனி மெய்யான களத்துக்கு வருவோம்.

மராட்டியத்தில், சதாரா மாவட்டத்தில், கோலேஷ்வர் என்றொரு சிற்றூர். அங்கே 1926-ஆம் ஆண்டு ஒரு மல்லரின் குடும்பத்தில் பிறந்தவர் காசாபா தாதாசாகேப் ஜாதவ். சிறிய உருவம். மண் தரையில் பயின்ற அவர், கோலாப்பூர் மன்னரின் பொருளுதவியால் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் சென்றார். பழகாத மெத்தை விரிப்பு, அறியாத விதிகள். எனினும் தம் எடைப் பிரிவில் ஆறாவது இடம் பெற்றார்.

அடுத்தது 1952, ஹெல்சின்கி மாநகர். அதற்கான தேர்வு நம் சென்னையில் நடந்தபோது, ஒரே புள்ளியில் அவர் பின்தள்ளப்பட்டார். அநீதி என்று பாட்டியாலா மன்னரிடம் முறையிட்டார். மறுபோட்டி நடந்தது; எதிரியை வீழ்த்தி இடம் பெற்றார். இடம் கிடைத்தது, ஆனால் செல்வதற்கு வழிச்செலவு இல்லை!

டிக்கெட் கட்டணம் என்பது நாள்தோறும் நம் கையில் புழங்கும் செய்தி. சன்னலுக்கு அப்பால் நின்று முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி, போதாமல் திரும்பும் முகங்களை நாம் கண்டிருக்கிறோம். நாட்டின் தலைசிறந்த மல்லர் அந்நிலையில் வீடு வீடாகச் சென்று உதவி கேட்டார். ஊர் மக்கள் இயன்றதை ஈந்தனர். அவர் பயின்ற ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்த கர்டிகர் என்பவர் தம் வீட்டையே அடகு வைத்து 7000 ரூபாய் தந்தார். ஓர் ஆசிரியர், மாணவன் ஒருவனின் தோள்வலியை நம்பித் தம் கூரையைப் பணயம் வைத்தார் என்றால், அவரை எந்தச் சொல்லால் போற்றுவது?

ஹெல்சின்கியில் 57 கிலோ பிரிவு. கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு மல்லர்களை ஜாதவ் வென்றார். ஜப்பானியரான ஷோஹாச்சி இஷீயிடம் நெடிய போருக்குப் பின் தோற்றார். இரு போட்டிகளுக்கு இடையே அரைமணி ஓய்வு தர வேண்டும் என்பது விதி. ஆயினும் சோவியத் மல்லர் மம்மத்பெயோவை எதிர்க்குமாறு உடனே அழைத்தனர். விதியை எடுத்துக்காட்டி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் அங்கில்லை. களைத்த உடலோடு பொருது தோற்றார். ஆயினும் வெண்கலம் அவருடையதாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் தனியொருவர் ஈட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. பொன் வென்ற இஷீயோ, அவ்வாண்டு ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பொற்பதக்கத்துக்கு உரியவரானார். போரில் சிதைந்து எழுந்து கொண்டிருந்த ஒரு நாட்டுக்கும், புதிதாய் விடுதலை பெற்ற ஒரு நாட்டுக்கும் ஒரே மேடையில் பெருமை தேடித் தந்தது 57 கிலோ எடையே என்பதை எண்ணிப் பாருங்கள்! தராசு இல்லாதிருந்தால் அவ்விருவரும் பேருடலார் முன் ஒதுக்கப்பட்டிருப்பர் அன்றோ?

ஊர் திரும்பிய ஜாதவை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அழைத்துச் சென்றன. ஆரவாரம் அடங்கியதும் அவர் செய்த முதல் வேலை என்ன? மற்போர்கள் நடத்தி, அவற்றின் வருவாயால் ஆசிரியரின் கடனை அடைத்தார். 1955-இல் காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். 1984-இல் சாலை விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்தது. 2010-இல் தில்லியின் மற்போர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நன்று, ஆனால் பெயர்ப்பலகையைக் காண அவர் இல்லை.

மற்போரில் இந்தியாவின் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 56 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2008-இல் சுசீல் குமார் 66 கிலோ பிரிவில் வெண்கலமும், 2012-இல் அதே பிரிவில் வெள்ளியும் வென்றார். அவ்வாண்டே யோகேஷ்வர் தத் 60 கிலோவில் வெண்கலம். 2016-இல் சாட்சி மாலிக் 58 கிலோவில் வெண்கலம். இப்பதக்கம் பெற்ற முதல் இந்திய மங்கை அவரே. 2021-இல் நடந்த டோக்கியோப் போட்டியில் ரவி குமார் தஹியா 57 கிலோவில் வெள்ளி, பஜ்ரங் புனியா 65 கிலோவில் வெண்கலம். 2024-இல் பாரிசில் அமன் செராவத் 57 கிலோவில் வெண்கலம். ஜாதவையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பதக்கங்கள். எட்டில் ஒன்றேனும் 66 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் இல்லை! நாம் சுவரொட்டியில் கண்டு வியந்த பேருடல் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் தரவில்லை. தந்தவர்கள் அனைவரும், ஒரு மூட்டை அரிசியின் எடையை ஒத்த சிறிய உடலினரே.

தராசு கருணையும் காட்டும்; கண்டிப்பும் காட்டும். பாரிசில் விநேஷ் போகாத், அதுவரை பன்னாட்டுக் களத்தில் தோல்வியே அறியாத ஜப்பானிய வீராங்கனை சுசாக்கியை வென்று, இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றார். மறுநாட் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்தது. அவ்வளவே; பதக்கம் கைநழுவிற்று. நாடே கலங்கியது. அதே பாரிசில் அமன் செராவத், அரையிறுதியில் ஜப்பானியர் ஹிகுச்சியிடம் தோற்ற பின், கூடியிருந்த 4.6 கிலோவை ஒரே இரவில் உறங்காமல் பயின்று குறைத்து, மறுநாள் வெண்கலம் வென்றார். பெற்றோரை இளமையிலேயே இழந்த பிள்ளை அவர். அப்போது வயது 21. அவரை வென்று பொன் பெற்ற ஹிகுச்சியோ, 2021-இல் தகுதிப் போட்டியொன்றில் 50 கிராம் மிகுந்தமையால் விலக்கப்பட்டவர். தராசு ஒருமுறை தள்ளியது என்பதற்காக அவர் தராசைப் பழிக்கவில்லை. மூன்றாண்டுகள் பொறுத்து அதே தராசில் ஏறி நின்றார்.

விநேஷ், அமன் இருவரும் அப்போது இரயில்வே ஊழியர்கள் என்பதை ஈண்டு குறிப்பிடுவதில் நமக்கு ஓர் எளிய பெருமை உண்டு. நம் துறையைப் புகழ்வதற்காக இதைக் கூறவில்லை. மாதந்தோறும் வரும் சம்பளம் ஒன்று இருந்தால், ஏழை வீட்டுப் பிள்ளையும் பயிற்சியில் மனம் செலுத்த முடியும் என்பதற்காகவே கூறுகிறோம். ஜாதவ் ஒலிம்பிக் புறப்பட்ட நாளில் அவருக்கு அத்தகைய ஊன்றுகோல் இல்லை.

அன்பர்களே! வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தன் வலியை அறிந்தவன் மட்டும் போதாது. அவ்வலியைக் களத்துக்குக் கொண்டு சேர்க்கும் துணையும் வேண்டும். எடையை இணையாக்கத் தராசு போதும். பணப்பையை இணையாக்க எந்தத் தராசும் இல்லை. அவ்விடத்தில் நிற்க வேண்டியது மனிதன். ஹெல்சின்கியில் ஓய்வு கேட்டு வாதாட ஒருவர் வந்திருந்தால்? கோலாப்பூரில் அந்த முதல்வர் மனம் இரங்காதிருந்தால்? இவ்விரு வினாக்களையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

போனக்காட்டு லயங்களில் வளரும் பிள்ளைகள் மலையேறிப் பழகிய கால்களை உடையவர்கள். அவர்களில் ஒருவருக்கு ஓட்டமோ, மற்போரோ, படிப்போ எதில் திறமை இருப்பினும், அதை வெளியுலகம் காண விதுரை இறங்கி, நெடுமங்காடு கடந்து, திருவனந்தபுரம் சென்றாக வேண்டும். தோட்ட வேலை நலிந்து கூலி அரிதான வீட்டுக்கு, அந்தப் பேருந்துக் கட்டணமும் ஒரு மலைதான். நகரத்துக் காலனியில் வாழும் நாம், மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால் அம்மலை கரையும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விழாச் செலவு போக எஞ்சும் தொகையையும், குடும்பந்தோறும் மாதம் ஒரு சிறு தொகையையும் சேர்த்து, 'வழிச்செலவு நிதி' ஒன்றை இவ்வாண்டே தொடங்குவோம். வென்று வந்த பின் மாலையிடுவதற்கு அன்று. புறப்படும் முன் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதற்கு. உடன் செல்ல ஒரு பெரியவரையும் அனுப்புவோம். விதியைப் படித்து, பிள்ளைக்காக வாய்திறந்து பேச ஒருவர் அருகில் இருக்கட்டும். அந்நிதிக்கு முதல் தொகையை நாம் இன்றே செயலாளர் அவர்களிடம் செலுத்தியுள்ளோம். பேரேட்டில் அடுத்த வரிகள் காலியாக இருக்கின்றன.