ஆயத்தத்தோடு வகுப்புக்கு வாருங்கள்



நூற்றாண்டு காணும் இவ்வேளையில் பழைய மாணவிகளாகிய நாம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வகுப்புக்கு ஆயத்தமாக வாருங்கள்.

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கொப்பி தேடவும் பேனை இரவல் வாங்கவும் 10 நிமிடம் போனால் பாடத்தில் காற்பங்கு போய்விடும். படித்ததை இரவில் ஒருமுறை புரட்டிப் பார்த்தவளுக்கே மறுநாள் கேள்வி பிறக்கும்.

உயர்தர மாணவிகளுக்கு ஒரு சொல். பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். அதைக் கணக்குப் பார்த்து, மிகுதி நாட்களை ரியூசனுக்குக் கொடுப்போர் உளர். நூறு பேர் நிரம்பிய கொட்டகையில் குறிப்பு எழுதலாம். "விளங்கவில்லை, சேர்" என்று கையை உயர்த்த முடியுமா? அளவியை உங்கள் கையாலேயே திறந்து, நிறம் மாறும் துளியைக் காண்பது பாடசாலை ஆய்வுகூடத்தில்தான்.

1945இல் இலவசக் கல்வி வருமுன், கட்டணம் கட்ட வழியில்லாத பல வீடுகளில் முதலில் நின்றது பெண்பிள்ளையின் படிப்பே. இன்று உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாங்கு அப்படி வந்தது. அதை வெறுமையாக விடாதீர்கள்.

ஆயத்தமின்மை எல்லாம் சோம்பலுமன்று. காலைச் சாப்பாடின்றி, பஸ் காசின்றி வரும் பிள்ளையும் உண்டு. ஆசிரியர்களே, கண்டிக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே தெரியாமல் எமக்கு அறிவியுங்கள். அந்தக் குறையைத் தீர்ப்பது எமது பங்கு. படிப்பது உங்கள் பங்கு, தங்கையரே.