மக்கள் மருத்துவத்திற்குப் பணம் எங்கே?

(ஹைதராபாத்தில் கட்சி ஊழியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)

மூசி ஆற்றங்கரையில் உள்ள உஸ்மானியா பொது மருத்துவமனையின் பழைய கட்டடம் நிஜாம் காலத்தில் எழுந்தது. 2020 ஜூலை மழையில் அதன் நோயாளர் கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. பின்னர் அக்கட்டடம் மூடப்பட்டது. கோஷாமஹாலில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 2025 ஜனவரியில்தான். இத்தகைய தாமதங்களுக்கெல்லாம் ஆட்சியாளர்கள் கூறும் விடை ஒன்றே: பணம் இல்லை.

அந்த விடையை ஹைதராபாத்தின் அனுபவமே மறுக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2007இல் ராஜசேகர ரெட்டி அரசு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம் பொதுப் பணத்தில் நடைபெறுவது. அதனால் ஏழைகளுக்கு இதய அறுவை சிகிச்சையும் புற்றுநோய் சிகிச்சையும் கிடைத்தன. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் அப்பணத்தின் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளுக்கே சென்றது. 2023 டிசம்பரில் தெலங்கானா அரசு சிகிச்சை வரம்பை 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2025இல் நிலுவைத் தொகையைக் காரணம் காட்டித் தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின. ஏழையின் கையில் அட்டை இருந்தது. மருத்துவமனையின் கதவு திறக்கவில்லை.

ஆகவே, பணத்தைத் திரட்டுவது பாதிக் கேள்வி. அது எங்கே சென்று சேர்கிறது என்பது மறுபாதி.

முதற்பாதிக்கு விடை கணக்கிலேயே உள்ளது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை எட்டும் என்றது. பெருந்தொற்றுக் காலமான 2021-22இலும் அது 1.84 சதவீதமே. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்தினர். பற்றாக்குறை ஏறத்தாழ 0.66 சதவீதம்.

2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று ஒன்றிய அரசே அறிவித்தது. அவ்வாண்டின் உள்நாட்டு உற்பத்தி சுமார் 200 லட்சம் கோடி. அதாவது, முதலாளிகளுக்கு ஒரே நாளில் வழங்கப்பட்ட சலுகை உற்பத்தியில் 0.7 சதவீதம், மக்களின் மருத்துவத்திற்குக் குறையும் தொகைக்குச் சற்றும் குறைந்ததன்று!

இன்னும் உண்டு. 1985இல் வாரிசுச் சொத்து வரி நீக்கப்பட்டது. 2015இல் செல்வ வரியும் கைவிடப்பட்டது. 2018இல் சுகாதாரம், கல்வி ஆகியவற்றின் பெயரால் 4 சதவீத செஸ் வந்தது. ஆனால் செஸ் வருவாய் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. சுகாதாரமோ மாநிலப் பட்டியலில் உள்ளது. சுமை ஓரிடத்தில், பணம் வேறிடத்தில்.

மறைமுக வரிகளை உயர்த்தி மருத்துவத்திற்குப் பணம் தேடுவது இதற்கு மாற்றாகாது. அது நோயாளியிடமே, அவர் நோயுறும் முன்பாகவே கட்டணம் வசூலிப்பதாகும். செல்வந்தர்களின் சொத்தும் கார்ப்பரேட் லாபமும் வரி செலுத்த வேண்டும்.

இரண்டாம் பாதிக்கு வருவோருக்குத் தாய்லாந்து ஒரு பாடம். 2002இல் அந்நாடு பொது வரி வருவாயைக் கொண்டு அனைவருக்கும் மருத்துவத்தை உறுதி செய்தது. அதற்கு முன்பே கட்டப்பட்டிருந்த அரசு மாவட்ட மருத்துவமனைகளே அதன் அடித்தளம். ஹைதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 2018 முதல் திறக்கப்பட்ட பஸ்தி தவாகானாக்கள் அத்தகைய அடித்தளமாக வளரக்கூடியவை. ஆனால் அதற்கு நிரந்தர மருத்துவர்களும் செவிலியர்களும் தடையற்ற மருந்தும் வேண்டும். ஊக்கத்தொகையில் உழைக்கும் ஆஷா ஊழியர்களுக்கு முறையான ஊதியம் வேண்டும்.

தோழர்களே, கிளைக் கூட்டங்களிலும் தெருமுனைக் கூட்டங்களிலும் இந்தக் கணக்கு மக்கள் மொழியில் பேசப்பட வேண்டும். ஆரோக்கியஸ்ரீ அட்டையை நம்பியிருக்கும் குடும்பத்திடம் அந்த அட்டையைப் பழித்துப் பயனில்லை. அதற்குரிய பணத்தில் அவர்கள் தெருவிலேயே ஓர் அரசு மருத்துவமனை இயங்க முடியும் என்பதையும், அதைத் தடுப்பது பணமின்மை அல்ல, அரசின் வர்க்கச் சார்பே என்பதையும் எடுத்துரைக்க வேண்டும்.